ஐந்து மாதம் தண்ணீர் மாற்றாத ரீஃப் டேங்க்: மீட்டெடுத்த 12 வாரக் குறிப்புகள்

பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியில் (ரீஃப் டேங்க்) மேலே 240 லிட்டர், கீழே சம்ப்பில் (வடிகட்டும் சாதனங்கள் வைக்கும் துணைத் தொட்டி) 60 லிட்டர், மொத்தம் 300 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்த கணக்கு இது. உள்ளே இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி, ஒரு கிளீனர் இறால், பத்துப் பன்னிரண்டு டர்போ நத்தைகள். பவளத்தில் ஒரு பெரிய டார்ச், ஒரு லெதர், மூன்று நான்கு நிறத்தில் ஜோவா, அப்புறம் கல்லின் பாதியை மூடிவிட்ட மான்டிபோரா தட்டுகள். முதல் இரண்டு வருடம் வாரம் தவறாமல் 30 லிட்டர் மாற்றி வந்தேன். அதன் பிறகு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன், என்ன ஆனது, எப்படித் திருப்பிக் கொண்டுவந்தேன் என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

நிறுத்தியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, அந்த நேரத்தில் அது சரியான முடிவாகத்தான் தெரிந்தது. மீன் கழிவால் சேரும் நைட்ரேட் ஏறினால் தண்ணீர் மாற்ற வேண்டும் என்றுதான் எல்லோரையும் போல நானும் கற்றுக்கொண்டேன். சம்ப்பில் கீட்டோ பாசி வளர்க்க ஆரம்பித்த பிறகு நைட்ரேட் 5 பிபிஎம்மிலும் (பத்து லட்சத்தில் 5 பங்கு) பாஸ்பேட் 0.06லும் அசையாமல் நின்றது. பவளங்கள் உறிஞ்சும் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரில் உள்ள கார்பனேட் அளவு, சுருக்கமாக ஆல்க்) டோசிங் பம்ப் தினமும் அளவாக ஊற்றி ஈடுகட்டியது. ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட். வாரம் ஒருமுறை டெஸ்ட் செய்தால் ஆல்க் 8 டிகேஹெச் (ஆல்க்கை அளக்கும் அலகு), கால்சியம் 420. ஆவியாகும் தண்ணீரை ஆட்டோ டாப்-அப் பார்த்துக்கொள்கிறது. பிறகு எதற்கு வாரா வாரம் உப்பு கரைத்துத் தூக்க வேண்டும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் எதுவும் தெரியவில்லை. நான்காவது மாதம் ஜோவாக்களில் ஒரு கூட்டம் காலையில் மூடியே கிடந்தது, மதியம்தான் விரியும். டார்ச் முன்பு கையளவு நீண்டு ஆடும், அது பாதியாகக் குறுகியது. மான்டிபோராவின் ஊதா நிறம் மங்கிக் களிமண் நிறத்துக்கு வந்தது. நத்தைகள் கண்ணாடியில் ஏறாமல் மணலிலேயே கிடந்தன, இரண்டு செத்தும் போயின. மீன்கள் மட்டும் வழக்கம்போல் சாப்பிட்டன. அதனால்தான் ஏமாந்தேன் என்று நினைக்கிறேன். முதலில் விளக்கைக் குறை சொல்லி அதன் வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், நேரத்தை மாற்றினேன். ஒரு பலனும் இல்லை.

ஐந்தாவது மாதக் கடைசியில்தான் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெளியே எடுத்தேன். 38 காட்டியது. நம்ப முடியாமல் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, கடலின் அளவு) அளவுத் திரவத்தை ஊற்றிச் சரிபார்த்தேன், கருவி சரியாகத்தான் இருந்தது. தொட்டியில் உப்பு உண்மையிலேயே 38 பிபிடி. நான் உப்பு அளப்பது எப்போதுமே தண்ணீர் மாற்றும் நாளில்தான், புதுத் தண்ணீரையும் பழைய தண்ணீரையும் ஒப்பிட. தண்ணீர் மாற்றுவதை நிறுத்தியதும் அந்தக் கருவி அலமாரிக்குப் போய்விட்டது. டாப்-அப்பில் போவதோ வெறும் ஆர்ஓ தண்ணீர், உப்பு எப்படி ஏறும் என்ற நம்பிக்கை வேறு.

உப்பு டோசிங் பாட்டில்களில் இருந்துதான் வந்திருக்கிறது. கால்சியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும் தண்ணீரில் போய்ப் பவளம் அதிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து எலும்புக்கூடு கட்டிக்கொள்கிறது. மிச்சம் நிற்பது சோடியமும் குளோரைடும், அதாவது சாதாரணச் சாப்பாட்டு உப்பு. 1 டிகேஹெச் ஈடுகட்டினால் லிட்டருக்கு ஏறக்குறைய 0.021 கிராம் உப்பு மிஞ்சும். கேட்டால் ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் என் தொட்டி ஒரு நாளைக்கு 1 டிகேஹெச் இழுக்கிறது, 150 நாளைக்குப் பெருக்கினால் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல். 35 அப்படித்தான் 38 ஆகியிருக்கிறது, கணக்கும் கருவியும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. ஸ்கிம்மரை (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) ஈரமாக ஓடவிட்டு நிறையக் கழிவுநீர் எடுப்பவர்களுக்கு அந்த வழியில் கொஞ்சம் உப்பு வெளியேறும், என்னுடையது வாரத்துக்கு ஒரு டம்ளர் கருப்புக் கழிவோடு நின்றுவிடும், அதில் பெரிதாக எதுவும் போவதில்லை.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன், இந்தப் பதிவில் முக்கியமான இடம் இதுதான். உப்பு அதிகம் என்று தெரிந்ததும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் ஆர்ஓ தண்ணீர் விட்டேன். ஒரேயடியாக இல்லை, தினமும் 3 லிட்டர், எட்டு நாள், மொத்தம் 24 லிட்டர். உப்பு 35க்கு இறங்கியது. நத்தைகள் இரண்டு நாளில் நடமாட ஆரம்பித்தன, ஜோவாக்களும் கொஞ்சம் விரிந்தன. சரி, முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆகியும் மான்டிபோரா அதே களிமண் நிறம், டார்ச் அதே பாதி நீளம்.

அப்போதுதான் முதல்முறையாகத் தண்ணீர் மாதிரியை ஐசிபி பரிசோதனைக்கு (தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் ஆய்வகச் சோதனை) அனுப்பினேன். வந்த அளவுகள், பிபிஎம்மில்: பொட்டாசியம் 352, கடலில் இது 400க்குப் பக்கத்தில் இருக்கும். மக்னீசியம் 1210, கடலில் 1290 வாக்கில். போரான் 3.9, இருக்க வேண்டியது 4.5. அயோடின் அளக்க முடியாத அளவுக்குக் கீழே. கால்சியமும் ஆல்க்கும் மட்டும் அச்சு அசலாகச் சரியாக இருந்தன, ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டை மட்டும்தான்.

யோசித்துப் பார்த்தால் வேறு மாதிரி வந்திருக்கவும் முடியாது. 38ஐ 35 ஆக்கும்போது கூடுதலாகச் சேர்ந்த சோடியம் குளோரைடு மட்டும் வெளியே போகாது, தண்ணீரில் இருக்கிற எல்லாமே 8 சதவீதம் நீர்த்துப் போகும். கூடுதலாக வந்தது ஒரே உப்பு, குறைந்தது எல்லாச் சத்தும். அதற்கு மேல் பொட்டாசியத்தையும் அயோடினையும் கீட்டோ பாசி ஐந்து மாதமாக உறிஞ்சியிருக்கிறது, அந்தப் பாசியைத்தான் நான் கைநிறையப் பிடுங்கி வாரா வாரம் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். உப்பு அளவு 35 என்று கருவி சொன்னாலும் அது கடல்நீராக இல்லை, ஏறக்குறைய கடல்நீர் மாதிரி ஒன்று, அவ்வளவுதான்.

குறைவதை எல்லாம் தனித்தனி பாட்டிலில் வாங்கி ஊற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொட்டாசியத்துக்கு ஒன்று, அயோடினுக்கு ஒன்று, மக்னீசியத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி டெஸ்ட் வேண்டும், அயோடினை வீட்டில் நம்பகமாக அளப்பது கஷ்டம், கூடினால் அதுவே நஞ்சு. டெஸ்ட் செய்கிற நாலைந்தைத் தவிர மற்றவை எந்தப் பக்கம் போகின்றன என்று தெரியாமலே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் மாற்றினால் நான் அளக்கிறதும் அளக்காததும் சேர்ந்து ஒரே நேரத்தில் கடல் அளவை நோக்கி நகரும். கூடினது குறையும், குறைந்தது கூடும். அதைச் செய்ய வேறு எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. 12 வாரத் திட்டம் போட்டேன், வாரம் 30 லிட்டர்.

ஏன் ஒரேயடியாக 150 லிட்டர் மாற்றவில்லை என்றால், பவளங்கள் அந்தக் கெட்டுப்போன தண்ணீருக்கே பழகிக் கிடந்தன. என் உப்பில் கரைத்த புதுத் தண்ணீரின் ஆல்க் 11 டிகேஹெச். பாதித் தொட்டியை மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 8 என்பது 9.5 ஆகிவிடும், மெலிந்து போன மான்டிபோரா அந்தத் தாவலில் ஓரம் கருகிப் போகலாம். 10 சதவீதம் மாற்றினால் 8.3 தான். பலனிலும் பெரிய நஷ்டம் இல்லை: 30 சதவீதத்தை ஒரே தடவை மாற்றினால் பழைய தண்ணீரில் 30 பங்கு போகும், பத்துப் பத்தாக மூன்று தடவை மாற்றினால் 27 பங்கு போகும். 12 வாரம் பத்துப் பத்தாக மாற்றினால் பழைய தண்ணீரில் 28 சதவீதம்தான் மிஞ்சும்.

முதல் வாரம் உப்பு கரைப்பதிலேயே ஒரு டிரம் வீணானது. ஐந்து மாத இடைவெளியில் கை பழக்கம் போய்விட்டது. காலி டிரம்மில் முதலில் உப்பைக் கொட்டிவிட்டு அதன் மேல் தண்ணீர் பிடித்தேன். பால் மாதிரி வெளுத்துப் போய் மறுநாள் காலை வரை தெளியவில்லை, அடியில் வெள்ளைப் பொடி படிந்தது. ஆல்க் அளந்தால் 6.2. உப்பு குவிந்து கிடக்கிற இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் நெருக்கமாகச் சந்தித்துச் சுண்ணாம்பாகி விடுகின்றன, அப்படி ஆனது திரும்பக் கரையாது. அந்த 30 லிட்டரைக் கீழே ஊற்றிவிட்டேன். முதலில் தண்ணீர், உள்ளே பம்ப் ஓட வேண்டும், அதன் பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும்.

இப்போது செய்கிற முறை இது. மாற்றுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் டிரம்மில் 30 லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணீர் (ஆர்ஓவுக்குப் பிறகு பிசின் வழியாகவும் வடிகட்டியது) பிடிப்பேன், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். ஒரு வாரம் 4 காட்டியது, பிசின் தீர்ந்திருந்தது, மாற்றிய பிறகுதான் பிடித்தேன். குழாய்த் தண்ணீரில் செம்பு இருந்தால் இறாலும் நத்தையும் தாங்காது, சிலிகேட் இருந்தால் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி வரும். தண்ணீரை மட்டும் முக்கால் மணி நேரம் பம்பில் சுற்றவிட்டு, 1 கிலோ உப்பை எடை போட்டுத் தூவுவேன். எடையை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் உப்புக்குள் இருக்கும் கால்சியம், மக்னீசியம் குளோரைடுகள் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய பையில் ஒரு கிலோவில் கணிசமான பங்கு தண்ணீராகவே இருக்கலாம். அதனால் கரைந்த பிறகு அளந்து, குறைவதற்கு ஏற்ப ஐம்பது நூறு கிராம் சேர்ப்பேன். உப்புப் பையைத் திறப்பதற்கு முன் நன்றாக உருட்டிவிட வேண்டும், நின்றவாக்கில் இருக்கும்போது நுண்ணிய பொடி எல்லாம் அடிக்குப் போய்விடும். ராத்திரி முழுக்கச் சுற்றவிட்டு, ஹீட்டரைக் கடைசி சில மணி நேரம் மட்டும் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவருவேன். முதலிலேயே சூடாக்கினால் மறுபடியும் அந்த வெள்ளைப் படிவு வரப் பார்க்கும்.

மாற்றுகிற நாளில் முதல் வேலை ஆட்டோ டாப்-அப்பின் பிளக்கைப் பிடுங்குவது. இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் மூன்றாவது வாரம். சம்ப்பில் இருந்து கழிவை உறிஞ்சிக்கொண்டிருந்தேன், தண்ணீர் மட்டம் இறங்கியதும் சென்சார் தன் வேலையைச் செய்தது, நான் கவனிப்பதற்குள் 8 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளே போய்விட்டது. உப்பு கிட்டத்தட்ட 1 பிபிடி இறங்கியது. பெரிய சேதம் இல்லை, அடுத்த சில நாள் ஆவியான தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக ஏற்றினேன். கவனிக்காமல் போயிருந்தால் 30 லிட்டரும் போயிருக்கும். அடுத்தது ஹீட்டர். தண்ணீருக்கு வெளியே நின்று சூடானால் கண்ணாடி வெடிக்கும், அணைத்துச் சில நிமிடம் ஆறவிட்ட பிறகுதான் மட்டத்தை இறக்க வேண்டும்.

அப்புறம் சம்ப்பில் இருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை நிறுத்தி, சமையலறையில் பயன்படுத்தும் பெரிய ரப்பர் பல்ப் பிழிகுழாயால் கல்லின் இடுக்குகளில் தண்ணீரை ஊதுவேன். முதல் வாரம் ஊதியபோது எழுந்த புழுதியில் எதிர்ப்பக்கக் கண்ணாடி தெரியவில்லை. ஸ்கிம்மர் ஓடுகிறது, நைட்ரேட் 5 தான், ஆனால் கல்லுக்குள் ஐந்து மாத மீன் கழிவும் சாப்பிடாத உணவும் அப்படியே உட்கார்ந்திருந்தது. சம்ப்பில் இன்னும் மோசம், கீட்டோவுக்கு அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கரும்பழுப்புச் சேறு. எடுக்கிற 30 லிட்டரையும் சேறு இருக்கிற இடத்தில் இருந்தே சைஃபன் வைத்து எடுத்தேன். தெளிந்த தண்ணீரை மேலாக மொண்டு ஊற்றிவிட்டுப் புதிதாக ஊற்றினால் பாதி வேலைதான் நடக்கிறது. சேற்றை ஒரே நாளில் அள்ளவில்லை, வாரம் மூன்றில் ஒரு பங்கு. அடியில் காற்று போகாத இடத்தில் அழுகிய முட்டை வாசனை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, அதைக் கலக்கித் தொட்டிக்குள் விடக் கூடாது, குழாயை நேராக அங்கே வைத்து வெளியே இழுத்துவிட வேண்டும். மணலிலும் ஒரு வாரம் ஒரு மூலை மட்டும்.

நைட்ரேட்டுக்காக மட்டும் தண்ணீர் மாற்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. தொட்டியில் வாரம் 5 பிபிஎம் நைட்ரேட் சேர்கிறது, நீங்கள் வாரம் 10 சதவீதம் மாற்றுகிறீர்கள் என்றால் அது 50க்கு ஏறி அங்கேதான் நிற்கும், ஏனென்றால் 50ல்தான் 10 சதவீதம் என்பது 5. 20 சதவீதம் மாற்றினால் 25ல் நிற்கும். நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றி மட்டும் கீழே வைத்திருக்க வேண்டுமானால் மிகப் பெரிய அளவில் மாற்ற வேண்டும். உணவைக் குறைப்பதும் ஸ்கிம்மரும் பாசியும் அந்த வேலையை நன்றாகச் செய்யும். பாஸ்பேட் இன்னும் பிடிவாதம், அது சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் குறையக் குறையத் திரும்ப வெளியே வரும். என் 12 வாரத்தில் அது 0.06ல் இருந்து 0.05க்குத்தான் வந்தது. இதைப் பார்த்துத் தண்ணீர் மாற்றுவதால் பயனில்லை என்று நானும் ஒரு காலத்தில் முடிவு கட்டியிருக்கிறேன். பலனைத் தேட வேண்டிய இடம் இது இல்லை.

உப்புக் கணக்கையும் திருத்த வேண்டியிருந்தது. டோசிங் தொடர்ந்து ஓடுகிறது, வாரத்துக்கு 0.15 பிபிடி அளவுக்கு உப்பு சேர்கிறது. 35ல் கரைத்த தண்ணீரையே வாரம் 10 சதவீதம் மாற்றிக்கொண்டிருந்தால் தொட்டி 36.5ல் போய் நிலைகொள்ளும். அதனால் புதுத் தண்ணீரை 33.5ல் கரைக்கிறேன், தொட்டி 35ல் நிற்கிறது. முதல் ஐந்து வாரம் இது புரியாமல் 35லேயே கரைத்தேன், அளவு மெல்ல ஏறியதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தண்ணீர் மாற்றும் நாளில் ஆல்க் டோஸையும் ஒரு மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறேன், புதுத் தண்ணீரே 0.3 கொண்டுவந்துவிடுகிறது.

மாற்றங்கள் வந்த வரிசையைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது வாரம் நத்தைகள் எல்லாம் கண்ணாடியில். நான்காவது வாரம் டார்ச் பழைய நீளத்துக்கு வந்தது, ஒரு நாள் காலை விளக்கு எரிந்து அரை மணி நேரத்தில் அது முழுதாக விரிந்து ஆடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். லெதர் இரண்டு முறை தோலுரித்தது. இந்த வகைப் பவளங்கள் அக்கம்பக்கத்தை ஒடுக்க வேதிப்பொருள்களைத் தண்ணீரில் விடும், அதை உறிஞ்சக் கார்பன் ஒரு பை எப்போதும் சம்ப்பில் இருக்கிறது. தண்ணீரின் மெல்லிய மஞ்சள் நிறம் ஆறாவது வாரம் போய்விட்டது, வெள்ளை வாளியில் மொண்டு வைத்துப் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஜோவாவில் ஆரஞ்சு நிறக் கூட்டம் மட்டும் மீளவில்லை, முக்கால்வாசி கரைந்துவிட்டது, ஏழு தலை மிச்சம்.

மான்டிபோராதான் கடைசி. ஒன்பதாவது வாரம் வரை எதுவும் இல்லை. பத்தாவது வாரம் தட்டின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, அது புது வளர்ச்சி. ஊதா நிறம் நடுவில் இருந்து திரும்ப ஆரம்பித்தது. 12 வாரம் முடிந்து மறுபடியும் ஐசிபி அனுப்பினேன்: பொட்டாசியம் 381, மக்னீசியம் 1280, போரான் 4.4. அயோடின் இப்போது அளக்கிற அளவுக்கு வந்திருக்கிறது, ஆனால் கடல் அளவுக்குக் குறைவுதான், கீட்டோ இருக்கிறவரை அப்படித்தான் இருக்கும் போல. பாசியில் மூன்றில் ஒரு பங்கை நிரந்தரமாக எடுத்துவிட்டேன், நைட்ரேட் 8க்கு ஏறியது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இந்த வாரம் ஒரு சின்ன மாற்றம். மான்டிபோரா மறுபடி வளர ஆரம்பித்ததால் ஆல்க் ஒரு நாளைக்கு 1.2 டிகேஹெச் இறங்குகிறது, டோஸைக் கூட்டியாயிற்று. அப்படியென்றால் மிஞ்சும் உப்பும் கூடும், டிரம்மில் 33.5க்குப் பதில் 33.2 வைத்துக் கரைத்திருக்கிறேன். பம்ப் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது, காலையில் அளந்துவிட்டு மாற்ற வேண்டும்.